இணைப்பு அறின் வலை என்னாம்?

உலகில் நாம் காணும் பொருள்களுட் பல தனித்து நிற்பன போலத் தோன்றினும், நுணுகி நோக்குமிடத்து ஒன்றோடொன்று பிணைப்புண்டே நிற்கின்றன. ஊர்கள் சாலைகளாற் பிணைக்கப்பட்டுள்ளன. மின்சார நிலையங்கள் கம்பிகளாலும், ஏரிகள் கால்வாய்களாலும், மக்கள் உறவாலும் நட்பாலும் தொழிலாலும் பிணைக்கப்பட்டிருக்கின்றனர். இங்ஙனம் பிணைப்புண்ட தொகுதியை வலை என்று வழங்குதல் இக்காலக் கணித நூலார் மரபு. வலையில் முடிச்சுக்கள் உண்டு. முடிச்சோடு முடிச்சை இணைக்கும் இழைகளும் உண்டு. ஊர் முடிச்சாயின் சாலை இழை. ஏரி முடிச்சாயின் கால்வாய் இழை.

மீன்வலையில் ஓரிழை அறுமாயின் வலைஞன் அதனை முடிந்துகொண்டு மறுநாளும் கடலுக்குச் செல்கிறான். ஆயின் எல்லா வலைகளும் மீன்வலை போல்வன அல்ல. சில வலைகளில் நூறு இழைகள் அறினும் கேடில்லை. வேறு சிலவற்றில் ஓரிழை அறின் வலை முழுதும் இரண்டாகிவிடும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதையும், அது சென்னைக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிற் பரந்துள்ள தொழிற்பகுதியில் எங்ஙனம் புலப்படுகின்றது என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் ஆய்லர் என்னும் சுவிட்ஸர்லாந்து தேசத்துக் கணிதப் பேரறிஞர். பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆற்றின் இரு கரைகளையும் இரு தீவுகளையும் ஏழு பாலங்கள் இணைத்து நின்றன. ஏழனையும் ஒவ்வொரு முறையே கடந்து நகரைச் சுற்றிவருதல் கூடுமோ என்பது அந்நகர மாந்தர் விளையாட்டாகக் கேட்ட வினா. கூடாது என்று 1736-ஆம் ஆண்டில் ஆய்லர் நிறுவினார். பாலத்தின் நீளமோ அகலமோ அவர்க்கு வேண்டப்படவில்லை. எந்நிலம் எந்நிலத்தோடு எத்தனை பாலங்களால் இணைந்துள்ளது என்பது ஒன்றே போதியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அப்பாலங்களுள் இரண்டு குண்டுவீச்சால் அழிந்தன. எஞ்சிய ஐந்திடங்களில் உள்ள பாலங்களைக் கொண்டு நோக்கின், ஒரு தீவிற் புறப்பட்டு, ஐந்தனையும் ஒவ்வொரு முறையே கடந்து, மற்றைத் தீவினை அடைதல் இப்பொழுது இயலும். ஈண்டு நாம் அறியத்தக்கது யாதெனின், இழையொன்று நீங்கும்போது அவ்விழை மாத்திரமே குறைவதில்லை. வலை முழுவதின் இயல்பே மாறிவிடுகின்றது என்பதாம்.

இனி, இழைகள் அமையும் முறையை நோக்குவோம். மரமொன்றின் கிளைகளைப் போல ஒரு வலை பிரிந்து பிரிந்து செல்கின்றது என்று கொள்வோம். அதில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லும் வழி ஒன்றே, மாற்றுவழி இல்லை. எந்த இழையை அறுத்தாலும் அம்மரவலை இரு துண்டாகும். வளையம் போல அமைந்த வலையிலோ, ஓரிழை அறினும் மறுபுறமாகச் சுற்றிச் செல்லலாம். இரண்டாம் இழையும் அறும்போதே அது பிளவுறும். இவ்வாறே குறுக்கும் நெடுக்கும் இழைகள் மிகமிக, வலை அறுதலைத் தாங்கும் ஆற்றலும் மிகுகின்றது. ஆகவே ஓர் இழையின் அருமையை அளக்கும் கோல் அதன் பருமன் அன்று. அஃது அற்றபின் வேறு வழி உண்டோ என்னும் வினாவே ஆம்.

இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறியின்றி அறுமாயின் யாது நிகழும்? ஹங்கேரி நாட்டுக் கணிதர்களான எர்டோஷ், ரேன்யி என்பார் இருவரும் 1960-ஆம் ஆண்டளவில் கண்ட உண்மை வியக்கத்தக்கது. குறியின்றிப் பின்னப்பட்ட பெரிய வலையொன்றில் முடிச்சொன்றிற்குச் சராசரி ஓரிழைக்கு மேல் இருக்குமளவும், முடிச்சுக்களுள் ஒரு பெரும்பங்கு ஒன்றோடொன்று தொடர்புற்றே நிற்கும். அச்சராசரி ஒன்றினுங் குறைந்தவுடன் பெருந்தொகுதி சிதைந்து சிறுசிறு துண்டுகளாகிவிடும். ஓரிழை வழியாக ஒரு முடிச்சினை அடைந்தவன் மேலுஞ் செல்ல வேண்டுமாயின் அங்கே மற்றோரிழை இருத்தல் வேண்டுமன்றோ? அஃது இல்லாத முடிச்சுக்கள் மலிந்தவிடத்துப் பயணம் தடைப்படுகின்றது. இதனாற் போதரும் அச்சம் ஒன்றுண்டு. நெடுங்காலம் இழைகள் அற்றுக்கொண்டே வரினும் வலை நன்றாகவே இருப்பது போலத் தோன்றும். எல்லை கடந்தபின் கேடு விரைந்து வரும். 'இதுவரை அறுத்தவற்றால் தீங்கில்லை. இன்னும் ஒன்றை அறுத்தலாற் யாது தீங்கு' என்று கருதுதல் இக்காரணத்தாற் பிழையாகும்.

மக்கட் கூட்டத்தினும் இவ்வுண்மை வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. அமெரிக்கச் சமூகவியலாராகிய கிரானவெட்டர் என்பார் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெருங்கிய நண்பரினும் சிறிதளவே பழகிய அறிமுகத்தார் ஒரு குழுவைப் பிற குழுவோடு இணைக்கின்றனர் என்று காட்டினார். நெருங்கிய நண்பர் ஒருவர்க்கொருவரும் நண்பராகவே இருத்தலின், அவருள் ஓரிணைப்பு அறினும் செய்தி வேறு வழியாக வந்துசேரும். அறிமுகத்தாரோ இரு குழுக்களின் இடையே ஒற்றைப் பாலமாக நிற்பவர். 2007-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடொன்றிற் பல இலட்சம் பேருடைய தொலைபேசி அழைப்புக்களை ஆராய்ந்த அறிஞரும் இதனையே கண்டனர். வலிய இணைப்புக்களை முதலில் நீக்கியபோது வலை சிறிது சிறிதாகச் சுருங்கியது. மெலிந்த இணைப்புக்களை முதலில் நீக்கியபோது ஓரெல்லையில் முழுதும் சிதைந்தது. கண்ணுக்கு எளியதாகத் தோன்றும் இழையே பல சமயங்களில் வலையைத் தாங்குகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இழை அற்றபின் அதன் சுமை எங்கே செல்கின்றது என்பதும் கருதற்பாலது. மின்சாரக் கம்பியொன்று நின்றுவிடின் அது சுமந்த மின்சாரம் பக்கத்துக் கம்பிகளின் மேல் விழும். அவையும் தாங்காவாயின் தாமும் நின்றுவிடும். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆந் தேதி விடியற்காலையில் பீனா–குவாலியர் கம்பித்தொடர் நின்றமையால் வடநாட்டு மின்வலை சரிந்தது. மறுநாள் வடக்கும் கிழக்கும் வடகிழக்குமாகிய மூன்று பகுதிகளும் ஒருங்கே சரிந்தன. அறுபது கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அன்று மின்சாரம் இழந்தது. தென்னாடு அவ்வீழ்ச்சியினின்றும் தப்பிற்று. அக்காலத்தில் அது வடவலையோடு ஒரே மின்துடிப்பில் இணைக்கப்படாதிருந்தமையே காரணம். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆந் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பித்தொடர் வாயிலாக அவ்விணைப்பு உண்டாயிற்று. எனவே இணைப்பு நன்மையையும் சுமந்து செல்லும். கேட்டையும் சுமந்து செல்லும். இணைப்பு எப்பொழுதும் நன்று என்றோ தீது என்றோ பொதுப்படக் கூறுதல் சாலாது.

இவ்வளவும் மனத்திற்கொண்டு நம் பகுதிக்கு வருவோம். சிங்கப்பெருமாள்கோயிலினின்று ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரினின்று வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலோ சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வந்து கூடுகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-இல் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸான் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு தொழிற்சாலையும் இயங்கலாயின. இவற்றைச் சூழ உறுப்புக்கள் செய்வோரும், உறுப்புக்கு உறுப்புச் செய்வோரும் வந்து குடியேறினர். உறுப்புக்களைக் கிடங்கில் நெடுநாட் சேர்த்து வைத்தல் பணத்தை முடக்குதல் என்று கருதி, வேண்டிய வேளைக்கு வேண்டிய அளவே வரவழைத்தல் இத்தொழிலின் இக்கால முறை. இம்முறை செலவைக் குறைக்கின்றது. அதே சமயம் இழை அறும்போது பொறுத்திருக்கும் காலத்தையும் குறைத்துவிடுகின்றது.

இவ்வலையிற் பெருமுடிச்சொன்று நீங்கியதை இப்பகுதியார் நன்கு அறிவர். 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆந் தேதி உற்பத்தியை நிறுத்திற்று. அதற்கு உறுப்புக்கள் வழங்கிவந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் அவ்வாண்டு டிசம்பரிலேயே நின்றது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் வந்து வேலைசெய்த இளைஞரும், இளம்பெண்களும் அங்ஙனமே வேலை இழந்தனர். 2000-ஆம் ஆண்டில் ஆல்பர்ட், ஜெயோங், பாரபாசி என்னும் மூவர் நிறுவிய உண்மையும் இதுவே. சில பெருமுடிச்சுக்களைச் சார்ந்து நிற்கும் வலையில், குறியின்றிச் சிறு முடிச்சுக்கள் நீங்கின் பெருந்தீங்கில்லை. பெருமுடிச்சு நீங்கின் அதனைச் சார்ந்த இழைகள் யாவும் ஒருங்கே அறும். ஒரே இழையைப் பற்றி நின்ற சிறு முடிச்சு அப்பொழுது தனித்து விடப்படும். பல தொழிற்சாலைகளுக்கு உறுப்பு வழங்கும் பட்டறைக்கும், பல தொழில் கற்ற தொழிலாளிக்கும் மற்றோரிழை உண்டு. பிற்காலத்தில் பாக்ஸ்கான் மீண்டும் வந்தது. நோக்கியா இருந்த இடத்தில் வேறு தொழில் தொடங்கிற்று. ஆயினும் வலை மீண்டும் பின்னப்படும் வரையில் இடைப்பட்ட ஆண்டுகளைக் கழிக்க வேண்டியவர் தொழிலாளரே ஆவர்.

இத்தொழில் வலைக்குக் கீழே, இதனினும் பன்னூறாண்டு முற்பட்ட மற்றொரு வலை கிடக்கின்றது, அஃது ஏரிவலை. ஏரிகள் மலிந்தமையின் பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரி மாவட்டம் என்றே பெயர்பெற்றது. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியவுடன் மிகைநீர் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயிற் சென்று, கீழுள்ள ஏரியின் வரத்துக் காலில் விழும். அதுவும் நிரம்பின் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் இவ்வாறே செம்பரம்பாக்கம் ஏரியை அடைகின்றது. தெற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாறாகத் திரண்டு, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து மிகைநீரோடு கூடி, வங்கக் கடலிற் சேர்கின்றது.

இவ்வலை நாம் முன்னர்க் கூறிய மரவலையின் இனத்தைச் சேர்ந்தது. நீர் மேட்டினின்று பள்ளத்திற்கே பாயும், திரும்பி வாராது. பெரும்பாலும் ஓரேரியின் மிகைநீருக்குப் போக்கு ஒன்றே. ஆதலின் இங்குள்ள கால்வாய் ஒவ்வொன்றும் மாற்றில்லாத பாலமாகும். அஃது அறின் தீங்கு இருபுறமும் உண்டாகும்: கீழ் ஏரி வறளும், மேல் ஏரி நீர் போக்கிடமின்றி வயலிலும் ஊரிலும் பரவும். இத்தகைய இழையோ பார்வைக்கு மிக எளியது. ஏரி அகன்று கிடக்கின்றது. அதன் கரை யாவருக்கும் புலனாகின்றது. அதனைத் தூர்ப்பவனை ஊரார் கேட்பர். கால்வாயோ சில முழ அகலமே உடையது. ஆண்டிற் பல மாதம் நீரின்றிப் புல் முளைத்துக் கிடப்பது. மனைப்பிரிவு செய்வோனுக்கும் மதில் எடுப்போனுக்கும் அது பயனற்ற பள்ளமாகவே தோன்றும். முடிச்சுக்கள் எல்லாம் நிற்க, இழைகள் மாத்திரம் ஒன்றொன்றாக மறைந்துபோதல் இவ்வாறே நிகழ்கின்றது. ஏரிகளை எண்ணிக் கணக்கெடுப்போர், 'ஒன்றுங் குறையவில்லை' என்று கூறுவர். அஃது உண்மையே ஆயினும், வலை என்னும் வகையில் அங்கே பெருங்குறை நேர்ந்திருத்தல் கூடும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆந் தேதி பெய்த மழை இவ்வலையைச் சோதித்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. அதற்கு மேற்பகுதியில், ஏரிநீர் கூடும் வழியிலுள்ள வரதராஜபுரமும் முடிச்சூரும் வெள்ளத்தில் மூழ்கின. அன்றைய கேட்டிற்குக் காரணங்கள் பல. மழையின் பேரளவே அவற்றுள் முதலது. எனினும் கால்வாய்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடந்தவிடத்து நீர் தனக்குரிய வழி காணாது சாலையையும் தெருவையும் வழியாகக் கொண்டது என்பது மறுக்கவொண்ணாதது.

அப்பொழுது மேல்வலையாகிய தொழில் வலை என்னாயிற்று? ஹூண்டாய், ரெனோ–நிஸான், ராயல் என்பீல்டு, மறைமலைநகரிலிருந்த போர்டு ஆகிய தொழிற்சாலைகள் உற்பத்தியைச் சில நாள் நிறுத்தி வைத்தன. சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது. தொழிலாளர் வருவதற்கும் உறுப்புக்கள் வருவதற்கும் வழியின்மையால், இயந்திரங்கள் கேடுறாதவிடத்தும் தொழில் நடைபெறவில்லை. சாலைவலை ஏரிவலையைப் போல ஒற்றை வழியுடையது அன்று; ஒரு சாலை அடைபடின் மற்றொன்றால் செல்லலாம். ஆயின் அன்று பல சாலைகள் ஒரே வேளையில் அடைபட்டன. ஏன்? அவை யாவும் ஒரே நீர்வலையின் மேல் அமைந்திருந்தன. சாலை கால்வாயைக் கடக்குமிடமெல்லாம் ஒரு சிறு பாலம் உண்டு. அதன் கண் அடைபடின், கால்வாய் ஆகிய இழையும் சாலை ஆகிய இழையும் ஒருங்கே அறுகின்றன.

ஒரு வலை மற்றொரு வலையைச் சார்ந்து நிற்கும்போது நேரும் இந்நிலையைப் புல்டிரெவ் முதலிய அறிஞர் 2010-ஆம் ஆண்டில் கணித முறையால் ஆராய்ந்தனர். 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இத்தாலி தேசம் மின்சாரமின்றி இருண்ட நிகழ்ச்சியை அவர்கள் எடுத்துக்காட்டினர். மின்நிலையம் நின்றால் செய்தித்தொடர்பு நிலையம் நிற்கும். செய்தித்தொடர்பு நின்றால் மேலும் மின்நிலையங்கள் நிற்கும். இங்ஙனம் கேடு இரு வலைகளின் இடையே மாறிமாறிச் செல்லும். தனித்து நோக்குமிடத்து வலியவாகத் தோன்றும் இரு வலைகளும் ஒன்றையொன்று சார்ந்தபோது மெலிந்தனவாகின்றன. நம் தொழிற்பகுதியில் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன, மேம்பாலங்கள் எழுந்தன, மேல்வலையின் இழைகள் பெருகின. கீழ்வலையின் இழைகள் பேணப்படாவிடின் அப்பெருக்கத்தாற் பெறும் உறுதி மழைக்காலத்தில் உதவாது.

அறுந்த இழையை மீண்டும் பின்னுதல் எளிதன்று என்பதற்கும் சான்று உண்டு. வெள்ளத்திற்குப் பின்னர் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கங்களின் நீரை அடையாற்றிற் சேர்க்கச் சாலையின்கீழ் மூடுகால்வாய்கள் அமைக்க வேண்டியதாயிற்று. முன்னோர் மண்வெட்டியால் வெட்டிவைத்ததைப் பின்னோர் காரையாலும் கம்பியாலும் பெரும்பொருள் செலவிட்டுக் கட்ட நேர்ந்தது.

இவ்வாராய்ச்சி கடந்த காலத்தோடு முடிவதன்று. பாலாற்று நீரைக் கொணர்ந்து வழியிலுள்ள பல ஏரிகளை நிரப்பி ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரையிற் செல்லும் கம்பன் கால்வாய் என்பது பழமையான நீர்வழி. 2022-ஆம் ஆண்டில் பரந்தூர்ப் பகுதியில் விமான நிலையம் அமைத்தற்கென அறிவிக்கப்பட்ட நிலத்தினூடே அக்கால்வாயின் ஒரு பகுதி செல்கின்றது. ஏரிகளும் அந்நிலத்தினுள் உள்ளன. ஏகனாபுரம் முதலிய ஊரார் தம் நிலமும் நீரும் குறித்து அவ்வாண்டு முதலே எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். விமான நிலையம் வேண்டுமோ வேண்டாவோ என்பதை முடிவு செய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் வலை நூல் அறிந்தோர் ஒன்றைக் கேட்டே தீர்வர். கால்வாய் ஒரு முடிச்சினைச் சார்ந்தது அன்று. மேலும் கீழும் உள்ள ஏரிகளையெல்லாம் கோத்து நிற்கும் நூல். இடையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடின், புதுவழி பழைய வழியளவு நீரைப் பழைய சரிவோடு கொண்டு செல்லுமோ? இதற்கு விடை கூறுதற்கு அந்நிலத்தை மாத்திரம் அளந்தாற் போதாது. பாலாறு முதல் அடையாறு வரையில் அளத்தல் வேண்டும்.

பொதுவாக, எவ்விணைப்பையும் அறுப்பதற்கு முன்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இஃது இல்லையாயின் வேறு வழி உண்டோ? அவ்வழி இதன் சுமையையும் தாங்குமோ? இவ்வலையைச் சார்ந்து நிற்கும் பிற வலை யாது? மூன்றிற்கும் தக்க விடை கிடைப்பின் இணைப்பை நீக்குதலாற் கேடில்லை. சில சமயங்களில் நன்மையும் உண்டாம். விடை கிடையாதவிடத்து, இழை எத்துணை மெலியதாயினும் அதனைக் காத்தலே அறிவுடைமை.

நம் முன்னோர் இம்மூன்று வினாக்களைக் கணித வடிவில் எழுப்பினரல்லர். எனினும் விடையை ஆட்சி முறையில் வகுத்துவைத்தனர். இதே காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று இருந்தமையைத் தெரிவிக்கின்றன. நீர்நிலையைப் பேணுதற்கென்றே ஊரார் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தனர். இற்றைநாளில் ஏரி ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. சாலை மற்றோர் அலுவலகத்தின் பொறுப்பு. தொழிற்பேட்டை வேறொன்றின் பொறுப்பு. முடிச்சுக்கள் ஒவ்வொன்றிற்கும் உரியவர் உளர். அவற்றினிடையே செல்லும் இழைக்கு உரியவரைத் தேடிக் காண வேண்டியிருக்கின்றது.

நம் கல்லூரி மாணவர் பலர் இப்பகுதிக் கிராமங்களினின்றே வருகின்றனர். அவர்கள் தத்தம் ஊரின் நிலப்படத்தைக் கையிற் கொண்டு, கலங்கலிற் புறப்பட்டு, கால்வாய் வழியே அடுத்த ஏரி வரையில் கோடைக்காலத்தில் ஒருமுறை நடந்து செல்வாராக. எங்கே படத்திற் கால்வாய் இருந்து தரையில் இல்லையோ, அவ்விடத்தைக் குறித்துவைப்பாராக. அக்குறிப்புக்களை ஒன்றுசேர்த்தால் இப்பகுதியின் நீர்வலைக்கு ஒரு படம் கிடைக்கும். எவ்விழை மாற்றில்லாதது என்பதும் அதனால் விளங்கும். அடுத்த பெருமழைக்கு முன்னர்ச் செய்யத்தக்க பணி அதுவே.